காலனிய அமெரிக்காவில் குடும்ப நிலம் கைமாறிய விதம்: பத்திரங்களை எப்படி வாசிப்பது?

மணிமாறன்_க

1726-இல் வர்ஜீனியாவில் மில்ட்ரெட் என்ற பெண்ணும் அவர் கணவர் ரோஜர் கிரெகரியும் சேர்ந்து, லிட்டில் ஹன்டிங் கிரீக் ஓடையோரம் இருந்த சுமார் 2,500 ஏக்கரை மில்ட்ரெடின் அண்ணன் அகஸ்டின் வாஷிங்டனுக்கு 180 பவுனுக்கு (தங்கம் அல்ல, ஆங்கிலேயப் பணம்; 20 ஷில்லிங் ஒரு பவுன்) எழுதிக் கொடுக்கிறார்கள். பின்னாளில் மவுன்ட் வெர்னன் ஆனது இந்த நிலம்தான். மில்ட்ரெடுக்கு இது தகப்பன் உயிலில் வந்த சொத்து. அப்படியிருக்க கணவர் ஏன் சேர்ந்து விற்க வேண்டும்?

இன்னொன்று. அக்கால வர்ஜீனியா பதிவேடுகளில் பெரும்பாலான விற்பனைக்கு இரண்டு பத்திரங்கள் இருக்கின்றன. முதல் நாள் ஓராண்டுக் குத்தகை, விலை 5 ஷில்லிங். மறுநாள் 'விடுதலை', விலை 60 பவுன், 100 பவுன் என்று. ஒரே நிலம், அதே ஆட்கள். இது வரி ஏய்ப்பா?

உயில் எழுதாமல் இறந்தால் நிலம் யாருக்குப் போனது என்பதையும் யாராவது விளக்குங்கள். ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

---

ஏட்டுக்கட்டு

வரி ஏய்ப்பு இல்லை. இங்கிலாந்துச் சட்டத்தில் இருந்த ஓர் ஓட்டையைப் பயன்படுத்திக்கொண்ட ஏற்பாடு.

பழைய ஆங்கில முறையில் நிலம் கைமாற வேண்டுமானால் இரு தரப்பும் நிலத்துக்கே போய், விற்பவர் ஒரு பிடி மண்ணோ மரக்கிளையோ எடுத்து வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும். 1536-இல் வந்த பயன்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தாலே சட்டப்படி அனுபவம், அதாவது நிலத்தை வசம் வைத்திருக்கும் உரிமை, மாறிவிடும் என்றானது. ஆனால் அதே ஆண்டு இன்னொரு சட்டம்: முழு உரிமையை இப்படி விற்றால் ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும். ஓராண்டுக் குத்தகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

வழக்கறிஞர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். முதல் நாள், 5 ஷில்லிங்குக்கு ஓராண்டுக் குத்தகை. வாங்குபவர் நிலத்தில் கால் வைக்காமலே 'அனுபவத்தில் இருப்பவர்' ஆகிவிடுகிறார். குத்தகைத் தொகை ஒரு மிளகு அல்லது ஒரு சோளக்கதிர், அதுவும் 'கேட்டால் மட்டும்'. மறுநாள், ஏற்கெனவே அனுபவத்தில் இருப்பவருக்கு உரிமையாளர் தன் மீதி உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கிறார். இரண்டும் சேர்ந்தால் முழுக் கிரயம்.

வர்ஜீனியாவில் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றப் பதிவே இருந்தபோது இந்தச் சுற்றுவழி தேவையே இல்லை. இருந்தும் எழுத்தர்கள் மாதிரிப் படிவத்தை விடவில்லை. 1780-கள் வரை ஓடியது.

வாசிக்கும்போது: விலையை விடுதலைப் பத்திரத்தில் மட்டும் பாருங்கள். 'இதற்கு முந்தைய நாள் எழுதிய ஓராண்டுப் பத்திரத்தின்படி இப்போது அனுபவத்தில் இருக்கிற' என்று உள்ளே ஒரு வரி வரும். அது வந்தால் முதல் பத்திரம் தொலைந்திருந்தாலும் கவலையில்லை.

---

தாமிரபரணியான்

இந்த 5 ஷில்லிங்கை உண்மையான விலையாக எடுத்துக்கொண்டு 'அப்போது நிலம் சும்மா கிடைத்தது' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதுபோலவே 'இயல்பான அன்பின் பொருட்டும் 5 ஷில்லிங்குக்கும்' என்று வந்தால் அது தகப்பன் மகனுக்கோ மருமகனுக்கோ எழுதிய தான செட்டில்மென்ட். அதையும் சந்தை விலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

---

ஏட்டுக்கட்டு

சரிதான். தேதியிலும் ஒரு பொறி இருக்கிறது. 1752 வரை இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஆகவே 1730 மார்ச் 24-க்கு மறுநாள் 1731 மார்ச் 25. குத்தகைக்கும் விடுதலைக்கும் ஓராண்டு இடைவெளி இருப்பதுபோல் தோன்றினால் முதலில் இதைச் சோதியுங்கள். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளை 1731/32 என்று இரட்டையாக எழுதியிருப்பார்கள். எழுதாமல் விட்ட ஏடுகளும் ஏராளம். 1732 பிப்ரவரியில் இறந்தவர் 1731 நவம்பரில் விற்ற பத்திரம், '1731 பிப்ரவரி' என்று ஏட்டில் உள்ள இறப்புத் தேதிக்குப் பிந்தியதாகத் தெரிந்து ஒரே பெயரில் இரண்டு ஆட்களை உருவாக்கிவிடும்.

---

கோட்டை_விஜி

மில்ட்ரெட் கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் மணமான பெண் தனியாக ஒப்பந்தம் செய்ய முடியாது. அவளுடைய நிலம் அவளுடையதாகவே இருக்கும், ஆனால் நிர்வாகமும் வருமானமும் கணவர் கையில். கணவர் மட்டும் விற்றால் மனைவியின் உரிமை போகாது. கணவர் இறந்தபின் அவளோ அவள் வாரிசுகளோ நிலத்தை மீட்கலாம். அதனால் இருவரும் எழுத வேண்டும்.

கையெழுத்து மட்டும் போதாது. நீதிபதி அவளைக் கணவரிடமிருந்து பிரித்துத் தனியே விசாரிக்க வேண்டும்: மனமுவந்து விற்கிறாயா, கணவர் மிரட்டினாரா? வர்ஜீனியாவில் 1674 சட்டம் இதை உறுதிப்படுத்தியது. உடம்பு சரியில்லை, தூரம் என்றால் நீதிமன்றம் ஓர் ஆணை எழுதி இரண்டு நீதிபதிகளை அவள் வீட்டுக்கே அனுப்பும். அவர்களுடைய அறிக்கை பத்திரப் புத்தகத்தில் தனியாகப் பதிவாகும், சில சமயம் பல ஆண்டு கழித்து. பத்திரத்தை மட்டும் படியெடுத்துவிட்டு 'மனைவி சம்மதம் இல்லை' என்று முடிவு கட்டும் முன் பின்பக்கங்களையும் புரட்டுங்கள்.

நிலம் கணவருடையதாக இருந்தாலும் தொல்லை உண்டு. திருமணக் காலத்தில் எந்த நேரத்திலாவது கணவருக்கு இருந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு, விதவைக்கு ஆயுள் முழுக்க. அவள் விட்டுக்கொடுக்காமல் விற்றால் அந்த உரிமை வாங்கியவர் தலையில் ஏறும். 300 ஏக்கரை 20 ஆண்டு முன்பே வாங்கி உழுதுகொண்டிருந்தாலும், விற்றவர் செத்த மறுமாதம் விதவை வந்து 100 ஏக்கரின் அனுபவத்தைக் கேட்கலாம். கெட்டிக்கார விற்பனையாளர்கள் இதற்காகவே பத்திரத்தில் ஒரு ஈட்டு உறுதியும் (இழப்பு வந்தால் விற்றவர் ஈடுகட்டும் வாக்கு) வாங்கிக்கொள்வார்கள்.

---

மணிமாறன்_க

அப்படியானால் மனைவி கையெழுத்து இல்லாத பத்திரம் என்றால் விற்றவர் மணமாகாதவர் அல்லது மனைவியை இழந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

கோட்டை_விஜி

கூடாது. கனெக்டிகட்டில் கணவர் சாகும்போது வைத்திருந்த நிலத்தில் மட்டுமே விதவைப் பங்கு. உயிரோடிருக்கும்போது விற்றதில் அவளுக்கு ஒன்றுமில்லை. அங்கே மனைவி கையெழுத்துக்கு அவசியமே இல்லை. அவளுடைய சொந்த நிலமாக இருந்தால் கதை வேறு, 1723-க்குப் பிறகு அவள் சம்மதம் கட்டாயம். எந்தக் காலனி என்று பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

ஈட்டு உறுதி பற்றி மேலே 'விற்பனையாளர்கள்' என்று விழுந்துவிட்டது, வாங்குபவர்கள் என்று வாசிக்கவும்.

---

நான்கெல்லை

உயில் இல்லாமல் இறந்தவர் கணக்கு. இரண்டு பெரிய கூட்டம்.

வர்ஜீனியா, மேரிலாந்து, கரோலினாக்கள், நியூயார்க்: மூத்த மகனுக்கு முழு நிலமும். தம்பி தங்கைகளுக்கு அசையும் சொத்தில்தான் பங்கு. உயில் எழுதினால் எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம், பெரும்பாலான தகப்பன்மார் பிரித்தார்கள். அதனால் 'மூத்தவனுக்கே எல்லாம்' என்பது நடைமுறையில் நினைக்கிற அளவு இல்லை. வர்ஜீனியாவில் இது ஒழிந்தது 1785 சட்டத்தால், நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரி 1.

மாசசூசெட்ஸ், கனெக்டிகட், பென்சில்வேனியா: எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு, மூத்த மகனுக்கு மட்டும் இரட்டை. மகள்களுக்கும் உண்டு.

300 ஏக்கர், இரண்டு மகன், மூன்று மகள், விதவை. பிள்ளைகள் ஐவர், ஆனால் பங்கு ஆறு. முதலில் விதவைக்கு 100 ஏக்கர் ஆயுள் அனுபவம் ஒதுக்குவார்கள். மீதி 200-இல் மூத்தவனுக்கு 66 2/3, மற்றவர்களுக்கு 33 1/3 வீதம். அம்மா இறந்தபின் அந்த 100-ஐ மறுபடி ஆறாகப் பிரித்தால் மூத்தவனுக்கு மேலும் 33 1/3, மற்றவர்களுக்கு 16 2/3. மொத்தம் 100, மற்ற நால்வருக்கும் 50 வீதம்.

ஆக ஒரு சாவுக்கு இரண்டு பாகப்பிரிவினை, நடுவில் 20, 30 ஆண்டு. இதற்கிடையே ஒரு மகன் ஊரைவிட்டுப் போகும்போது 'என் தாயின் மூன்றிலொரு பங்கில் எனக்கு வரவேண்டிய உரிமையை' அண்ணனுக்கு விற்றுவிட்டுப் போவான். நியூ இங்கிலாந்துப் பதிவுகளில் இது நிறைய. அந்தத் தாய் அன்று உயிரோடிருந்தாள் என்பதற்கும் அதுவே ஆதாரம்.

நிலம் துண்டாடினால் கெட்டுவிடும் அளவு சிறியது என்றால் நீதிமன்றம் மூத்தவனிடம் முழுதாகக் கொடுத்து, மதிப்பீட்டின்படி மற்றவர்களுக்குப் பணம் கட்டச் சொல்லும். பென்சில்வேனியாவில் இது அனாதைகள் நீதிமன்றத்தின் வேலை, அதன் ஏட்டில் மொத்தப் பிள்ளைகள் பெயரும் மருமகன்கள் பெயரும் வரிசையாக நிற்கும்.

---

ஏட்டுக்கட்டு

கனெக்டிகட் முறை கிட்டத்தட்டக் கவிழ்ந்தே போன கதையையும் சேர்க்க வேண்டும். வெய்ட் வின்த்ராப் 1717-இல் உயில் இல்லாமல் இறந்தார். ஒரே மகன் ஜான், ஒரே மகள் ஆன். ஆனின் கணவர் தாமஸ் லெச்மியர். உள்ளூர்ச் சட்டப்படி ஜானுக்கு மூன்றில் இரண்டு, ஆனுக்கு ஒன்று. ஜான் ஒத்துக்கொள்ளவில்லை, இங்கிலாந்துச் சட்டப்படி நிலம் முழுக்க எனக்கே என்று லண்டனில் பிரிவி கவுன்சில் (அரசரின் ஆலோசனை மன்றம், காலனி வழக்குகளுக்குக் கடைசி முறையீடு அங்கேதான்) வரை போனார். 1728-இல் ஜெயித்தார், அதோடு அந்தக் காலனியின் வாரிசுச் சட்டமே செல்லாது என்றும் ஆனது.

அதுவரை பிரித்து, விற்று, மறுபடி விற்றிருந்த அத்தனை பங்கு நிலங்களின் தாய்ப்பத்திரமும் ஆட்டம் கண்டது. மாசசூசெட்ஸில் இதேபோல வந்த பிலிப்ஸ் - சாவேஜ் வழக்கில் 1738-இல் தீர்ப்பு மாறி வந்தது, பங்குமுறை நிலைத்தது. கனெக்டிகட்டுக்கு நிம்மதி 1745-இல்தான், கிளார்க் - டௌசி வழக்கில். ஒரு அண்ணன் - தங்கை சண்டைக்காக ஒரு காலனி 17 ஆண்டு கையைப் பிசைந்துகொண்டிருந்தது.

---

தாமிரபரணியான்

வாரிசுக்கட்டு நிலத்தை விட்டுவிட்டீர்களே. வர்ஜீனியாவில் கிரயம் கெடுவதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

உயிலில் 'அவனுக்கும் அவன் வாரிசுகளுக்கும்' என்றால் முழு உரிமை, விற்கலாம். 'அவனுக்கும் அவன் உடலில் பிறந்த வாரிசுகளுக்கும்' என்றால் கட்டு. அவன் வைத்து ஆளலாம், விற்றால் அவன் ஆயுளுக்குப் பிறகு அவன் மகன் வந்து வாங்கியவரை வெளியேற்றலாம். இங்கிலாந்தில் ஒரு பொய் வழக்கு நடத்திக் கட்டை அவிழ்ப்பார்கள். வர்ஜீனியா 1705-இல் அந்த வழியை அடைத்தது. சட்டமன்றத்தில் தனிச் சட்டம் போட்டால் மட்டுமே விற்கலாம், அதற்குப் பணமும் செல்வாக்கும் வேண்டும்.

சிறு நிலக்காரர்களுக்கு 1734-இல் ஒரு வழி திறந்தது. ஒரு ஆணை வாங்கி ஷெரீபிடம் கொடுக்க வேண்டும். அவர் ஜூரியைக் கூட்டி நிலத்தை மதிப்பிடுவார். 200 பவுன் ஸ்டெர்லிங்குக்கு மேல் போகக் கூடாது. அதே ஆளின் வேறு கட்டு நிலத்தோடு ஒட்டியும் இருக்கக் கூடாது, இல்லாவிட்டால் பெரிய பண்ணையைத் துண்டு துண்டாக அவிழ்த்துவிடுவார்களே. இரண்டும் சரியென்றால் விற்கலாம். 1776 அக்டோபர் கூட்டத்தில் ஜெஃபர்சன் கொண்டுவந்த சட்டம் எல்லாக் கட்டையும் ஒரே வெட்டில் அறுத்தது.

மவுன்ட் வெர்னனுக்கே திரும்பினால்: அகஸ்டின் 1743-இல் இறந்தபோது நிலம் மூத்த தாரத்து மகன் லாரன்ஸுக்கு. லாரன்ஸ் 1752-இல் இறந்தார், உயிலில் மனைவி ஆனுக்கு ஆயுள் அனுபவம். ஆன் மறுமணம் செய்துகொண்டார், உயிரோடு மிஞ்சியிருந்த ஒரே மகளும் 1754-இல் இறந்தாள். அந்த டிசம்பரில் ஜார்ஜ் வாஷிங்டன் தனக்கு நாளை வரப்போகும் நிலத்தையே அண்ணியிடமும் அவர் புதுக் கணவரிடமும் குத்தகைக்கு எடுத்தார். ஆண்டுக்கு 15,000 பவுண்டு எடைப் புகையிலை. 1761-இல் ஆன் இறந்த பிறகுதான் சொந்தம்.

---

கோட்டை_விஜி

அந்தக் குத்தகையில் 18 அடிமைகளும் அடக்கம் என்பதையும் எழுதுங்கள். 1705 சட்டப்படி வர்ஜீனியாவில் அடிமைப்பட்ட மனிதர்கள் வாரிசுரிமை விஷயத்தில் அசையாச் சொத்து. உயில் இல்லையென்றால் மூத்த மகனுக்கே போவார்கள், அவர் மதிப்பீடு செய்து தம்பி தங்கைகளுக்குப் பணமாகக் கொடுக்க வேண்டும். 1727 முதல் அவர்களை நிலத்தோடு சேர்த்து வாரிசுக்கட்டும் போடலாம். அண்ணன் தம்பிக்குப் பணம் புரட்ட வேண்டுமென்றால் விற்கப்பட்டது யார் என்று சொல்லத் தேவையில்லை. அவர்கள் பெயர் எங்கேயாவது கிடைக்கிறதென்றால் இந்த உயில், மதிப்பீடு, குத்தகைப் பட்டியல்களில்தான்.

---

சங்கிலி22

நான்கெல்லையைப் பற்றி நான்கெல்லையே எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

வர்ஜீனியாப் பத்திரத்தில் எல்லை இப்படிப் போகும்: 'ஓடைக்கரை வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கு 40 பாகை கிழக்காக 320 போல், அங்கிருந்து...' ஒரு போல் 16 1/2 அடி. நான்கு போல் ஒரு கன்ட்டர் சங்கிலி, 66 அடி, 100 கண்ணி. காட்டுக்குள் இரண்டு போல் சங்கிலியையும் இழுத்தார்கள். 160 சதுர போல் ஒரு ஏக்கர். ஆக 320 x 200 போல் செவ்வகம் சரியாக 400 ஏக்கர். நம்மூர் சென்ட் கணக்கும் இதே சங்கிலியில் பிறந்ததுதான், 1,000 சதுரக் கண்ணி ஒரு சென்ட்.

கெடுவது எங்கே:

திசைகாட்டி காட்டுவது காந்த வடக்கு, அது காலப்போக்கில் நகரும். ஒரு பாகை பிசகினால் 320 போல் தூரத்தில் சுமார் 92 அடி விலகும். பேரன் காலத்தில் அதே பாகையை வைத்து அளந்தால் பக்கத்து நிலத்துக்குள் போய்விடும்.

படியெடுத்த எழுத்தர் வடக்கைத் தெற்காக்குவது, ஒரு வரியையே விட்டுவிடுவது. வரைபடம் மூடாது. மூடாத இடைவெளி ஏதாவது ஒரு பக்கத்துக்கு இணையாக ஓடினால் அந்தப் பக்கத்தின் நீளத்தில் தப்பு. இடைவெளி நேர் வடக்கு தெற்காக நின்று, ஒரு பக்கத்தின் வடக்கு - தெற்கு அளவைப்போல் சரியாக இரட்டிப்பாக இருந்தால் அந்தப் பக்கத்தில் திசை எழுத்து மாறியிருக்கிறது. 'ஓடையின் வளைவுகளோடு' என்ற வரிக்கு அளவே இருக்காது, அதைக் கடைசியில் போட்டு மூடுங்கள்.

மரம் சாகும். அதற்காகத்தான் வர்ஜீனியாவில் நான்காண்டுக்கு ஒருமுறை எல்லை நடை. திருச்சபை வட்டாரக் குழு ஆட்களை நியமிக்கும், அக்கம்பக்கத்தார் சேர்ந்து எல்லையில் நடந்து மரக்குறிகளைப் புதுப்பிப்பார்கள். மூன்று முறை தடையில்லாமல் நடந்துவிட்டால் அந்த எல்லையே இறுதி. இதன் அறிக்கை சர்ச் ஏட்டில் இருக்கும். பத்திரம் தொலைந்த நிலத்துக்கு இதுதான் உயிர்நாடி.

---

மணிமாறன்_க

முழு உரிமை வாங்கினாலும் ஆண்டுதோறும் ஏதோ கட்டினார்களே, அது?

---

தாமிரபரணியான்

குவிட்ரெண்ட். வர்ஜீனியாவில் 100 ஏக்கருக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங், அரசருக்கு. வர்ஜீனியாவிலேயே வடமுனைப் பகுதியில் (நார்தர்ன் நெக்) ஃபேர்ஃபாக்ஸ் பிரபுவுக்கு. மேரிலாந்தில் கால்வெர்ட் குடும்பத்துக்கு. அங்கே விற்கும்போது ஓராண்டுத் தீர்வை அளவுக்கு ஒரு மாற்றுக் கட்டணமும் உண்டு, பத்திரத்தின் அடியில் ரசீது எழுதியிருக்கும். நிலங்களுக்குப் பெயரும் உண்டு, ஆளை விட்டுவிட்டு நிலப்பெயரைப் பிடித்துக்கொண்டு நூறு ஆண்டு பின்னோக்கிப் போகலாம்.

பென்சில்வேனியாவில் படிகள் அதிகம்: விண்ணப்பம், வாரன்ட் (நிலத்தை அளக்க உத்தரவு), அளவை, அளவை அறிக்கை, கடைசியில் பேட்டன்ட் (இறுதி உரிமைப் பட்டயம்). 1732 முதல் 100 ஏக்கருக்கு 15 பவுன் 10 ஷில்லிங், 1765-இல் 5 பவுனாகக் குறைத்தார்கள், ஆனால் தீர்வையை ஏக்கருக்கு அரைப் பென்னியிலிருந்து ஒரு பென்னியாக ஏற்றினார்கள். முழுப் பணம் கட்டினால்தான் பேட்டன்ட் என்பதால் பலர் வாரன்ட்டோடு நிறுத்திவிட்டு அந்த உரிமையையே விற்றார்கள். மூன்று கை மாறிய பிறகு நாலாவது ஆள் பேட்டன்ட் வாங்குவான். பேட்டன்ட்டில் உள்ள பெயரை முதல் குடியேறி என்று நினைத்தால் ஒரு தலைமுறை போச்சு. கூடவே சாலைக்காக 6 சதவீதம் கூடுதல் நிலம் தருவார்கள், ஏக்கர் கணக்கு இடிப்பது பல சமயம் அதனால்தான்.

---

நான்கெல்லை

விலையை ஒப்பிடுகிறவர்களுக்கு: 'பவுன்' எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு ஸ்பானிய டாலர் லண்டனில் 4 ஷில்லிங் 6 பென்ஸ், வர்ஜீனியாவில் 6 ஷில்லிங், பென்சில்வேனியாவில் 7 1/2, நியூயார்க்கில் 8. அதாவது 100 டாலர் பெறுமான நிலம் வர்ஜீனியாப் பத்திரத்தில் 30 பவுன், நியூயார்க் பத்திரத்தில் 40 பவுன். 1750-க்கு முந்தைய மாசசூசெட்ஸ் 'பழைய நோட்டு' இன்னும் மோசம். அதைத் திரும்பப் பெற்றபோது ஒரு டாலருக்கு 45 ஷில்லிங் என்று கணக்குத் தீர்த்தார்கள். அங்கே 300 பவுனுக்கு விற்ற நிலம் புதுக் கணக்கில் 40 பவுன்தான்.

கடனும் கவனியுங்கள். 1732-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட சட்டப்படி காலனி நிலங்களைக் கடனுக்கு ஜப்தி செய்து விற்கலாம். உயில் இல்லாத சாவுக்குப் பின் ஷெரீப் கையெழுத்தில் விற்பனை வந்தால் குடும்பம் மனமுவந்து விற்றதல்ல.

---

மணிமாறன்_க

கடைசியாக ஒன்று. வர்ஜீனியாவில் ஒருவர் 1758-இல் 200 ஏக்கர் விற்கிறார். விற்றவர் அட்டவணையில் இருக்கிறார். வாங்கியவர் அட்டவணையில் அவர் பெயரே இல்லை. நிலம் எப்படி வந்தது?

---

ஏட்டுக்கட்டு

இந்த வரிசையில் தேடுங்கள்.

பத்திரத்தின் உள்ளேயே 'இன்னாருக்கு இன்ன ஆண்டு வழங்கப்பட்ட நிலத்தின் ஒரு பகுதி' என்று ஒரு வரி இருக்கிறதா. இருந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்து நில அலுவலகப் பேட்டன்ட் புத்தகம், வடமுனை என்றால் அதன் தனி மானியப் புத்தகம். முதல் மானியம் கவுண்டி அட்டவணையில் வராது. பிறகு உயில் புத்தகம், உயிலில் வந்த நிலத்துக்குக் கிரயம் இருக்காது. அதிலும் இல்லை என்றால் மூத்த மகனாக வந்ததா என்று பாருங்கள், அதற்கு எந்தக் காகிதமும் பிறப்பதில்லை. தகப்பன் செத்த கணத்தில் நிலம் அவனுடையது. அப்போது அதே ஓடையில், அதே அண்டை நிலக்காரர்களோடு, ஒரு தலைமுறை முன்னால் வாங்கிய அதே குடும்பப் பெயர்க்காரரைத் தேட வேண்டும்.

பெயரே பொருந்தவில்லையா, மனைவி வழி நிலமாக இருக்கலாம். விற்பனையில் அவளும் கையெழுத்திட்டு, வெறும் விதவைப் பங்கை விடுவதாக இல்லாமல் விற்பவராகவே எழுதப்பட்டிருந்தால் அவள் தகப்பனின் உயிலுக்குப் போங்கள். கடைசியாக, கவுண்டி பிரிந்த ஆண்டைப் பாருங்கள். ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியே 1742-இல்தான் பிரின்ஸ் வில்லியமிலிருந்து பிரிந்தது, அதற்கு முந்தைய கிரயம் தாய்க் கவுண்டியின் புத்தகத்தில் கிடக்கும்.

---

கோட்டை_விஜி

1758-இல் விற்றவர் 21 வயது நிரம்பியவர்தானா என்றும் பாருங்கள். தகப்பன் 1740-களில் செத்து, நிலம் பல ஆண்டு சத்தமில்லாமல் கிடந்து, திடீரென்று விற்பனை வந்தால் வாரிசு அப்போதுதான் மேஜராகியிருப்பான். காப்பாளர் கணக்குகள் அனாதைகள் ஏட்டில் இருக்கும். அதில் நிலக் குத்தகை வரவு எழுதியிருந்தால் எந்த நிலம் என்றே தெரிந்துவிடும்.